லேஞ்சியில் போட்ட முடிச்சு

எங்கள் வளவில், தென்னங்கிடுகு வேய்ந்த அந்தக் கொட்டிலுக்குள், ஒரே மர வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்து என் அப்பாவிடம் இங்கிலீசு படித்தவர்களே, இது உங்களுக்குத்தான். வேறு ஆருக்கும் இதில் அக்கறை இருக்கப்போவதில்லை. உங்களுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கால் நோ, சீனி வருத்தம், கண்ணில் புகை. தெரிந்த ஆளை ரோட்டில் கண்டால் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. ஆகவே நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும்.

போன தை மாதம் நல்லூரில் ஒரு கலியாண மண்டபத்தில் சந்தித்தோம். உங்களில் ஒருவருடைய மகளின் கலியாணம். சாப்பாட்டு மேசையில், கனடாவிலிருந்து வந்தவர் ஒருவர் எழுந்து நின்று என் அப்பாவைப் போலவே ஒரு தோளைத் தூக்கி, சட்டைப் பையிலிருந்து முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து உதறி, அதன் மூலையில் முடிச்சுப் போட்டுக் காட்டினார். "ரிமெம்பர் இஸ் யுவர் பிஸ்னஸ். ரிமைண்ட் இஸ் அனதர் மான்ஸ் பிஸ்னஸ்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நல்லாத்தான் நடித்தார், குறை சொல்ல ஏலாது.

சிரிப்பு அடங்கியதும் அதே ஆள் என்னைப் பார்த்துக் கேட்டார். "உமக்கு ஒரு அண்ணை இருந்தவர் எல்லோ? கொட்டிலுக்கு முன்னாலை சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். ஆள் எப்பிடி, உம்மடை சாயலோ?"

"ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டேன். துக்கம் தாங்காமல் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதுவல்ல. அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. என் அண்ணையின் முகம் எனக்குத் தெரியாது.

அந்த லேஞ்சிப் பாடத்திலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்குத் தெரிந்த இடம் அதுதானே. நாங்கள் எல்லாரும் ஒரே பிழையைத்தான் விட்டோம். திருத்திய தாள்களை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லி அப்பாவுக்கு ஞாபகப்படுத்துவோம் என்று சொல்ல நினைத்து, "சேர், ஐ வில் ரிமெம்பர் யூ டுமோறோ" என்போம். அப்பா வெண்கட்டியைக் கீழே வைப்பார். கையை நெஞ்சில் வைப்பார். "ஏன், நான் செத்துப்போனனோ, நீ என்னை நினைச்சுக்கொண்டிருக்க?" என்பார். ஒவ்வொரு தவணையும் அதே பகிடி. ஒவ்வொரு தவணையும் நாங்கள் சிரித்தோம்.

பிறகு லேஞ்சி வெளியே வரும். நீல நிறக் கரை போட்ட வெள்ளை லேஞ்சி. வீட்டிலே தேயிலை முடிந்துவிட்டது, வாங்கிவரச் சொல்லுகிறார்கள், நான் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு போகிறேன், சந்தையில் முகம் துடைக்க எடுக்கும்போது முடிச்சு கையில் தட்டுப்படுகிறது. அந்த முடிச்சுச் செய்கிற வேலைதான் ரிமைண்ட். அது வெளியிலிருந்து வருவது. உடனே தேயிலை என்று எனக்குள்ளே வருகிறதே, அது ரிமெம்பர். ரீகோல் என்று இன்னொன்று இருக்கிறது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவது மாதிரி. பாடுபட்டுத் தேட வேண்டும், சில வேளை வரும், சில வேளை வராது. கடைசியில் லேஞ்சியைத் தூக்கிப் பிடித்து, "மறக்கிறவனுக்குத்தான் முடிச்சு, மறக்காதவனுக்கு லேஞ்சி முகம் துடைக்க" என்று முடிப்பார்.

கொட்டிலுக்குப் பின்னால் எங்கள் குசினி. நடுவில் ஒரு கிடுகுத் தட்டி மட்டும். அம்மா அங்கே தேங்காய் திருவிக்கொண்டிருப்பார். பாடம் நடக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும், நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்களுக்கு அது கேட்டால், அவருக்கும் நாங்கள் பேசுவது கேட்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணைக்கு அப்போது பதினெட்டு வயது. எனக்குப் பன்னிரண்டு. அவரைப் பற்றி என்னிடம் மிச்சம் இருப்பவை எல்லாம் உருப்படாத சாமான்கள். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டபின் பூவரசம் இலையைக் கசக்கிக் கையைத் துடைப்பார், அந்த எண்ணெயும் பச்சை இலையும் கலந்த மணம் இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் திரும்பிப் பார்ப்பேன். வாசல் படலையை நெருங்கும்போது மணியை விரலால் அடிக்க மாட்டார், உள்ளங்கையால் ஒரு தட்டு. சோறு அடிப்பிடித்தால் அதைச் சுரண்டித் தரச் சொல்லித் தின்பார். என்னைக் "குஞ்சு" என்பார். முதுகு தெரிகிறது, கை தெரிகிறது, பாட்டா செருப்பில் தேய்ந்த குதி தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு ஒரு காலை அம்மா அவரை ஆனைக்கோட்டைக்கு நல்லெண்ணெய் வாங்க அனுப்பினார். போனவர் வரவில்லை. அது சண்டைக் காலம், இளம் பெடியள் காணாமல் போகிற காலம். ஆர் கொண்டுபோனது, எங்கே கொண்டுபோனது என்று இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பின்னேரம் சைக்கிளை மட்டும் ஒரு வேலியோரத்தில் கண்டெடுத்தார்கள். எண்ணெய்ப் போத்தல் ஹாண்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை.

அதற்குப் பிறகு அம்மா படலையடியில்தான் இருந்தார். சோறு இல்லை, தண்ணீர் இல்லை, சீப்பெடுத்துத் தலை இழுப்பதில்லை. ரோட்டால் போகிற சைக்கிள் எல்லாவற்றுக்கும் எழுந்து எழுந்து நிற்பார். அப்பா தன்னால் முடிந்த இடமெல்லாம் ஏறி இறங்கினார், எல்லா வாசலிலும் தெரியாது என்ற சொல்தான் கிடைத்தது. பிறகு அவருக்கு அம்மாவும் போய்விடுவாரோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. இணுவிலிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தோட்டக்காரர், மனிசரில் நல்ல மனிசர். அக்காவின் கோலத்தைக் கண்டு அழுதுவிட்டு, அப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன். "கண்ணிலை படப்படத்தான் ஞாபகம் வரும், அத்தான். உடுப்பு, சைக்கிள், படம், எல்லாத்தையும் நான் கொண்டுபோறன். ஒண்டும் கிடக்காட்டி மெல்ல மெல்ல மறந்திடுவா." வீட்டில் இளம் பெடியனின் படம் இருந்தால் வீடு வீடாகத் தேடுதலுக்கு வருகிறவர்கள் ஆர், எங்கே என்று கேட்டுக் கரைச்சல் கொடுப்பார்கள் என்பதையும் சொன்னார். அதுவும் அந்த நேரத்தில் உண்மைதான்.

அப்பா ஒத்துக்கொண்டார். ரிமெம்பருக்கும் ரிமைண்டுக்கும் வித்தியாசம் தெரியாத எங்களை மூன்று வருசம் வாட்டியெடுத்த மனிசர், முடிச்சை அவிழ்த்துவிட்டால் அம்மா மறந்துவிடுவார் என்று நம்பினார். எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. பிறகு பாவமாகவும் இருக்கிறது. பயந்த ஆளுக்குத் தன்னுடைய பாடமே தனக்கு விளங்காது போலிருக்கிறது.

ஒரே நாளில் வீட்டைத் துடைத்தெடுத்தார்கள். சேட்டுகள், சாரம், அவர் சாப்பிடுகிற எனாமல் கோப்பை, சுவரில் மாட்டியிருந்த படம், அல்பத்தில் அவர் நின்ற படங்கள், பள்ளிக்கூடக் குழுப் படம். சுவரில் படம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. அப்பா கலண்டரைக் கொண்டுவந்து அதன்மேல் தொங்கவிட்டார். மாமா எல்லாவற்றையும் அண்ணையின் சைக்கிளிலேயே கட்டி உருட்டிக்கொண்டு போனார். படலையடியில் இருந்த அம்மா அந்தச் சைக்கிள் வெளியே போவதைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. மறக்கத் தொடங்கிவிட்டார் என்று அப்பா அன்றைக்கே நினைத்திருப்பார்.

எனக்கும் சட்டம் போட்டார். அண்ணையின் பெயர் வாயில் வரக்கூடாது. அம்மாவுக்கு விளங்கக்கூடாது என்று அதை இங்கிலீசில் சொன்னார். "டோண்ட் ரிமைண்ட் யுவர் மதர்." அம்மா கேட்கிற தூரத்தில், படலையடியில் இருந்தார். அன்றிலிருந்து அண்ணையைப் பற்றி ஏதும் கதைக்க வேண்டுமென்றால் அப்பா இங்கிலீசில்தான் கதைப்பார், அதுவும் "ஹீ", "ஹிம்" என்று, ஆரோ வழிப்போக்கனைச் சொல்வது போல. மாரி தொடங்கியது. கொட்டிலுக்குள் ஒழுகியது, நீங்கள் வாங்குகளை இழுத்து இழுத்துப் போட்டீர்கள். அம்மா படலையடியை விட்டு எழும்பினார். தலை இழுத்தார், சமைத்தார், தேங்காய் திருவினார். மாமா மழைக்குள் நனைந்துகொண்டு வந்து பார்த்துவிட்டு, "பாத்தியளே அத்தான்" என்று மெல்லச் சிரித்தார். அப்பாவின் முகத்தில் பெரிய சோதனை பாஸ் பண்ணின களை. அம்மா எங்களுக்காக நடித்தார் என்பது என் தலையில் ஏற எனக்குப் பிள்ளை பெற்று முடிய வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் நான் பழகின பழக்கம்தான் என்னை இந்தக் கதிக்கு விட்டது. அவர் பெயர் வாயில் வரக்கூடாது என்றால் நினைப்பிலும் வரக்கூடாது என்று அந்த வயதில் எடுத்துக்கொண்டேன். முகம் மனதில் வந்தால் தலையை உதறிவிட்டு வாய்ப்பாடு சொல்லுவேன். சொன்னதைச் செய்கிற நல்ல பிள்ளை என்று அப்பா என்னை மெச்சினார்.

கோடை வந்தது. புதுத் தவணை, அதே பாடம். அன்றைக்கு நீங்களும் இருந்தீர்கள். சேர் வேளைக்கு வகுப்பை விட்டுவிட்டார் என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டு ஓடினீர்களே, அதே நாள்தான். அப்பா லேஞ்சியை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். குசினிப் பக்கத்துத் தட்டியை விலக்கிக்கொண்டு அம்மா வந்து நின்றார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. "இஞ்சாருங்கோ, பிள்ளையளை அனுப்பிப்போட்டு வாங்கோ" என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள். அது என் வீடு, நான் எங்கே போவது?

அம்மா கரும்பலகைக்கு முன்னால், நாங்கள் இருக்கிற வாங்கில் இருந்தார். அப்பா நின்றார். அப்படி அவர்களை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை.

"முடிச்சை அவிட்டால் நான் மறந்திடுவன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? உந்தப் பாடத்தை நான் அடுப்படியிலை இருந்து எத்தினை வருசமாக் கேக்கிறன். எனக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லையே?"

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"சேட்டும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். அவன்ரை படத்தை மட்டும் கொண்டுவந்து தாங்கோ."

அடுத்த நாள் காலை அப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு இணுவிலுக்குப் போனார். மாமாவுக்கு விசயத்தைச் சொன்னதும் முகம் வெளிறியது. படங்கள் வீட்டுக்குள் இல்லை. தேடுதல் பயத்தில் பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு, பொலித்தீன் சுற்றி, தோட்டத்தில் புதைத்திருந்தார். அதில் அவரைக் குறை சொல்ல ஏலாது. அந்தக் காலத்தில் ஊரில் பாதிச் சாமான் மண்ணுக்குள்தான் இருந்தது. நகையும் காணி உறுதியும் பித்தளைக் குத்துவிளக்கும் எல்லாரும் புதைத்தோம். புதைத்த இடம் மறக்காமல் இருக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு அடையாளம் வைத்தோம். சிலர் கல்லு வைத்தார்கள், சிலர் வேலிக் கதியால் நட்டார்கள். மாமா தோட்டக்காரர். அவருக்குக் கை சும்மா இருக்காது. தகரத்துக்கு மேலே ஒரு வாழைக்குட்டி நட்டிருந்தார்.

நட்டதை வாடவிட அவரால் முடியுமா? மற்ற வாழைகளோடு அதற்கும் வாய்க்கால் வெட்டி, தவறாமல் இறைத்திருக்கிறார். எருவும் போட்டிருக்கிறார். மாரி முழுக்க மழை, மாரி முடிய இறைப்பு. நாங்கள் போய் நின்றபோது வாழை நன்றாகச் செழித்து, பக்கத்தில் குட்டிகள் வெடித்து, பெரிய பற்றையாக நின்றது. மாமா மண்வெட்டியோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கே வெட்டுவது என்று அவருக்கே பிடிபடவில்லை. கடைசியில் ஒவ்வொரு குட்டியாகக் கிண்டி எறிந்தார். வேருக்குள் இறுகிப்போய்த் தகரம் கிடந்தது. துருவேறி, மூடி எது அடி எது என்று தெரியாமல். திறந்தபோது செந்தண்ணீர் வழிந்தது.

படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. மாமா நகத்தால் பிரிக்கப் பார்த்தார். பிரிந்ததில் படம் இல்லை, வெள்ளைத்தாள்தான். பள்ளிக்கூடக் குழுப் படத்தில் மட்டும் கீழ்ப்பாதி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வரிசையாக வெள்ளைக் காற்சட்டைகள், மடியில் வைத்த கைகள். மேலே எல்லாம் கரைந்து மஞ்சளாகப் போயிருந்தது. எந்தக் கை அண்ணையின் கை என்று நான் தேடினேன். மாமா மண்ணில் குந்திவிட்டார். "நான் அடையாளத்துக்குத்தான் வைச்சனான், அத்தான். அடையாளத்துக்குத்தான்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். வெட்டிய வாழைக்குட்டிகளின் பால் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது.

அப்பா ஏசவில்லை. சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, அந்த ஈரக் கட்டியை அதற்குள் வைத்து, நாலு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். என்னைப் பாரில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். கொக்குவில் தாண்டி வரும்போது என் உச்சியில் ஈரம் பட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மா பொட்டலத்தை வாங்கி, முடிச்சை அவிழ்க்காமலே கையால் அமுக்கிப் பார்த்தார். ஈரத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அம்மா அழவில்லை. என்னைத்தான் பார்த்தார். அவர் அன்றைக்குச் சொன்னதை நான் ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"எனக்கு என்னத்துக்கு உது? நான் எனக்குக் கேக்கேல்லை. இவளுக்குத்தான் கேட்டனான். இவள் சின்னப்பிள்ளை, மறந்திடுவாள். நான் செத்தாப்பிறகு அவன் வந்து படலையடியிலை நிண்டால், ஆர் நீங்கள் எண்டு கேட்டு அனுப்பிப்போடுவாள்."

அதற்குப் பிறகு அப்பா அந்தப் பாடத்தை எடுக்கவில்லை. உங்களுக்குப் பின்னால் வந்த வகுப்புகளுக்கு அது கிடைக்கவில்லை, அவர்கள் இன்றைக்கும் பிழையாகத்தான் இங்கிலீசு கதைப்பார்கள். ஆனால் அம்மா எனக்கு வேறு பாடம் தொடங்கினார். பின்னேரங்களில் தலை இழுத்துவிடும்போது அண்ணையின் முகத்தைச் சொல்லித் தருவார். பரந்த நெற்றி. அடர்த்தியான புருவம், நடுவில் சேரப் பார்க்கும். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பாடமாக்கினது அப்படியே இருக்கிறது. சொல்லத்தான் முடிகிறது, பார்க்க முடியவில்லை. எத்தனையோ பேருக்கு நெற்றி பரந்துதான் இருக்கிறது.

காலம் மாறி, காணாமல் போனவர்களுக்காகத் தாய்மார் ரோட்டோரத்தில் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கியபோது அம்மாவும் ஒரு நாள் போனார். எல்லாருடைய மடியிலும் படம். அம்மாவின் மடியில் கை மட்டும். ஒரு பிள்ளை குனிந்து, "அம்மா, படம் கொண்டுவரேல்லையோ?" என்று கேட்டது. அம்மா நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போலிருந்தது.

நான் சும்மா இருந்தேன் என்று நினையாதேயுங்கோ. அண்ணையோடு படித்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். அந்தக் குழுப் படம் ஆரிடமாவது இருக்காதா? எல்லாருடைய வீடும் ஒருக்கால் கூரை இழந்த வீடுதான். எல்லாரும் ஒருக்கால் பையோடு மட்டும் ஓடினவர்கள்தான். படத்தை ஆர் தூக்கிக்கொண்டு ஓடினது?

அப்பா முதலில் போனார். மாமா அடுத்து. அம்மா போய்க் கொஞ்ச வருசம்தான். கடைசி வரைக்கும் அவருக்கு அண்ணையின் முகத்தில் ஒரு மயிர்கூட மறக்கவில்லை. அவர் கண்ணை மூடின அன்றைக்கு எல்லாரும் அம்மாவுக்காக அழுதார்கள். நான் இரண்டு பேருக்காக அழுதேன். அந்த முகத்தை உலகத்தில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். லேஞ்சி அலுமாரியில் இருக்கிறது. நீலக் கரை வெளிறி, உள்ளே கட்டி காய்ந்து, முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது. கையில் எடுக்கிறேன். முடிச்சு தன் வேலையைச் செய்கிறது. உள்ளே இருந்து ஒன்றும் வருவதில்லை.

நீங்கள் கலியாண மண்டபத்தில் என்னைக் கேட்டதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை படலையடியில் ஒரு மனிசர் வந்து நின்றார். அறுபதுக்குக் கிட்ட இருக்கும். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர். அடுத்த ஒழுங்கைக்கு எப்படிப் போவது என்று கேட்டார். படலையைப் பிடித்தபடி நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்மயிர் உதிர்ந்து நெற்றி பரந்திருந்தது, அந்த வயதில் ஆருக்குத்தான் பரந்திராது. புருவம் நரைத்து ஐதாகிவிட்டிருந்தது. நான் வழி சொல்லவில்லை. எங்கேயிருந்து வாறியள் என்று கேட்டேன். வெயில் கூட என்றேன், தண்ணீர் குடிக்கிறியளோ என்றேன். அப்பாவின் பகிடி ஒன்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். இந்த மனிசிக்கு விசர் என்று நினைத்திருப்பார். தண்ணீரும் வேண்டாமென்று, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு தரம் சிரித்திருந்தால் போதும். அந்த இடது கன்னத்தை நான் பார்த்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.